வாசகசாலை முதல் கிளை நூலகம் வரை: நூலக நிகழ்ச்சிகளின் வரலாறும் ஜொகூர்த் தமிழரும்

முன்னுரை



நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுக்கி வைத்த அலமாரிகளும் ஆழ்ந்த அமைதியும் ஆகும். ‘பேசாதீர்’ என்னும் பலகை தொங்கும் அறையாகவே மாணவர் பலர் அதனை அறிந்துள்ளனர். ஆயினும், தமிழரிடையே பொது நூலகம் தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அது மக்கள் கூடிப் பேசிய இடத்தில் பிறந்தது என்பது புலப்படும். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட திண்ணைகள், பொருள் திரட்ட நிகழ்ந்த கலை விழாக்கள், ஊர்தோறும் சென்ற நூல்வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் ஆகியன எல்லாம் இன்றைய நூலகத்தின் முன்னோடிகளாம்.

இன்று மாவட்டத் தலைநகர்களிலும் சிற்றூர்களிலும் உள்ள கிளை நூலகங்களில் கதை சொல்லும் நேரம், வாசகர் வட்டம், சொற்பொழிவு, கண்காட்சி, கைவினைப் பயிற்சி முதலியன நடைபெறுகின்றன. இவை நூலகத்தின் உண்மையான பணியைச் சார்ந்தனவா, அல்லது அதன்மேல் ஏற்றிய அலங்காரமா என்னும் வினா அவ்வப்போது எழுவதுண்டு. அதற்கு வரலாறு தரும் விடையையும், அவ்விடையில் ஜொகூர்த் தமிழராகிய நமக்குள்ள பங்கையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

1. தோட்டத்து வாசகசாலை

ஜொகூரில் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். 1909இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவுற்றது. அதனை ஒட்டிச் சிகாமட், குளுவாங், கூலாய் முதலிய பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. 1924இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆட்களும் பொருள்களும் வந்த அவ்வழியிலேயே செய்தித்தாளும் வந்தது.

தோட்டத்துத் தொழிலாளருள் எழுத்தறிந்தார் மிகச் சிலரே. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலமேயாயினும், இங்கும் தோட்டப்பள்ளிகள் எழுந்தன. எனினும் அப்பள்ளிகள் சிறுவர்க்கு உரியவை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டி, மாலையில் லயத்துக்குத் திரும்பிய பெற்றோர்க்கு எழுத்துலகம் செவி வழியாகவே அறிமுகமாயிற்று. ஆசிரியரோ, கிராணியோ, படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரோ நாளிதழை விரித்து உரக்கப் படிப்பார். ஏனையோர் கேட்பர், இடைமறித்து வினவுவர், வாதிடுவர். ஒரே இதழ் ஒரு லயம் முழுவதற்கும் பயன்பட்டது.

இவ்வழக்கத்துக்கு உரமூட்டியவை அக்கால இதழ்களும் சீர்திருத்த இயக்கங்களுமாம். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 வரை வெளிவந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வருகை புரிந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். இவற்றின் விளைவாக இளைஞர் பலர், மாலைப் பொழுது கள்ளுக்கடையில் கழிவதை மாற்ற விரும்பினர். அதற்கு மாற்றாக அவர்கள் கண்டதே வாசகசாலை. ஒரு மேசை, இரண்டு விசுப்பலகைகள், சில இதழ்கள், ஒரு விளக்கு என அதன் உடைமைகள் மிகச் சிலவே. ஆனால் அங்கே இரவு வகுப்பு நடந்தது; சொற்பொழிவு நடந்தது; நாடக ஒத்திகையும் நடந்தது. நூல்கள் குறைந்தும் நிகழ்ச்சிகள் நிறைந்தும் இருந்த அவ்விடம், பின்னாளைய கிளை நூலகத்தின் பணிகளுட் பலவற்றை முன்னரே செய்துவிட்டது எனலாம்.

2. வண்டியேறிச் சென்ற நூல்கள்

இதே காலப்பகுதியில் தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி நம் கருத்துக்கு உரியது. சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பெறத் துணைநின்றார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியல் நூல் ஐந்து விதிகளை வகுத்தது. அவற்றின் சாரம் வருமாறு: நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை, வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும், வாசகரின் காலம் வீணாகலாகாது, நூலகம் வளரும் உயிர் போன்றது.

இவற்றுள் மூன்றாம் விதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. வாசகர் நூலைத் தேடிவரும் வரை காத்திருத்தல் போதாது. நூலும் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள். நூலைக் காட்சிக்கு வைத்தலும், அதனைப் பற்றிப் பேசுதலும், அதிலுள்ள கதையைச் சிறுவர்க்குச் சொல்லுதலும் அவ்விதியின் செயல்வடிவங்களேயாம்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசல் சிற்றூரில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னின்று உழைத்தவர் எசு. வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர். நூல்களைச் சுமந்த வண்டி ஊர் ஊராகச் சென்றது. வண்டி வந்த நாள் அவ்வூருக்கு ஒரு நிகழ்ச்சி நாள் ஆயிற்று. கட்டடம் இல்லாத இடத்திலும் நூலகம் இயங்க இயலும் என்பதை அவ்வண்டி காட்டிற்று.

அரங்கநாதன் பிறந்த சீர்காழி, வண்டி புறப்பட்ட மன்னார்குடி, சாரங்கபாணி பிறந்த திருவாரூர் ஆகிய மூன்றும் பழைய தஞ்சை மாவட்டத்து ஊர்களே. மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று என்பதனை இங்கு நினைவுகூர்தல் தகும்.

3. யாழ்ப்பாணம் காட்டிய வழி

ஈழத்தில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் நீதிமன்ற அலுவலர், தம் இல்லத்திலேயே இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். ஊரார் பலர் உடன் சேர்ந்தனர். 1934 ஆகஸ்டு முதல் நாள், வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் 844 நூல்களுடன் அந்நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் யாழ்ப்பாண நகரசபை அதன் பொறுப்பை ஏற்றது.

பின்னர்ப் பெரியதொரு கட்டடம் எழுப்ப விழைந்தபோது, ஊரார் களியாட்ட விழாக்களும் கலை நிகழ்ச்சிகளும் நடத்திப் பொருள் திரட்டினர். அரங்கநாதன் அவர்களின் ஆலோசனையும் பெறப்பட்டது. 1959 அக்டோபர் 11ஆம் நாள் புதிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. காலப்போக்கில் சிறுவர் பகுதியும் கேட்போர் கூடமும் அதனுடன் இணைந்தன. எனவே, யாழ்ப்பாண நூலகத்தின் சுவர்களே ஒருவகையில் நிகழ்ச்சிகளின் விளைவு எனலாம்.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இரவோடிரவாக அந்நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. உலகெங்கும் உள்ள தமிழர் அதனைத் தம் வீட்டிழப்பாகவே உணர்ந்தனர். நூல்களின் அருமை அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அந்நூலகம் அரசு மேலிருந்து வழங்கிய கொடையாகத் தோன்றவில்லை. ஊரார் கூடிக் கூடிக் கட்டியதாக வளர்ந்தது. கூடிக் கட்டியதை இழப்பதன் வலி வேறு. அதனாலேயே அது மீண்டும் எழுப்பப்படவும் முடிந்தது.

4. சட்டம் தந்த கிளைகள்

தன்னார்வலர் முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஊக்கமுள்ள ஒருவர் ஊரைவிட்டு நீங்கினால் வாசகசாலையின் விளக்கும் அணைந்துவிடும். இக்குறையை நீக்க வந்ததே 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் நிறைவேறிய இச்சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொது நூலகச் சட்டமாகும். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமையவும், சொத்துவரியோடு நூலக வரி தண்டப்பெறவும் அது வழிவகுத்தது. அதன் பயனாக மாவட்ட மைய நூலகத்தின்கீழ்க் கிளை நூலகங்களும், அவற்றின்கீழ் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் தோன்றின. கிளை நூலகத்தை ஒட்டி வாசகர் வட்டம் அமைவதும், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுவதும், அவ்வாரத்தில் மாணவர்க்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்துவதும் தமிழகத்தில் மரபாயின.

உலக அளவிலும் இக்கருத்து வலுப்பெற்றது. 1949இல் யுனெஸ்கோ நிறுவனம் பொது நூலக அறிக்கையை வெளியிட்டு, பொது நூலகத்தை மக்கள் கல்வியின் உயிர்ப்புள்ள ஆற்றலாக எடுத்துரைத்தது. அதன் துணையோடு அமைந்த தில்லிப் பொது நூலகத்தை 1951 அக்டோபர் 27ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்தார். அந்நூலகத்தில் கலந்துரையாடற் குழுக்கள், நாடகம், இசை, திரைப்படக் காட்சி ஆகியன தொடக்கமுதலே பணித்திட்டத்தில் இடம்பெற்றன. படிக்கத் தெரிந்தார் குறைவாயிருந்த ஒரு நாட்டில், நூலகத்தின் வாயில் படிக்கத் தெரியாதவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தோட்டத்து வாசகசாலையில் நாளிதழைச் செவிமடுத்த தொழிலாளிக்கு இத்தத்துவத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

5. பாலத்தின் இரு கரைகள்

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1956ஆம் ஆண்டு ஜொகூர்ப் பாலத்தின் இரு கரைகளிலும் மொழி வரலாற்றில் குறிப்பிடத்தக்க இரு நிகழ்வுகள் நேர்ந்தன. ஜூன் 22ஆம் நாள் ஜொகூர் பாருவில் ‘பாலாய் புஸ்தாகா’ தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் ‘டேவான் பஹாசா டான் புஸ்தாகா’ என்னும் பெயர் பெற்று, தேசிய மொழியின் தலைமை நிறுவனமாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தோன்றியது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் எனத் ‘தமிழ் முரசு’ வாயிலாகச் சாரங்கபாணி அவர்கள் வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்தொகுதிக்கெனப் பொருள் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தம் சிறு கூலியிலிருந்து வெள்ளிகளை ஈந்தனர். பல்கலைக்கழக வாயிலைக் கண்டிராதவர், தம் பிள்ளைகளேனும் அங்குத் தமிழ் நூல் படிக்கட்டும் என ஈந்த பொருள் அது. துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது.

அக்காலத்துத் தமிழ் இதழ்கள் வேறொரு வகையிலும் நூலகப் பணியைச் செய்தன. 1950இல் ‘தமிழ் நேசன்’ நடத்திய கதை வகுப்பு புதிய எழுத்தாளரை உருவாக்கிற்று. ‘தமிழ் முரசு’ வளர்த்த மாணவர் மணிமன்றம் இளையோரை எழுதவும் கூடவும் தூண்டிற்று. 1952 முதல் கொண்டாடப்பெற்ற தமிழர் திருநாள், ஊர்தோறும் பேச்சுக்கும் கலைக்கும் மேடை அமைத்தது. இவற்றைக் கட்டடமில்லா நூலகத்தின் நிகழ்ச்சிகள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கட்டடமுள்ள நூலகமோ வேறு வழியில் வளர்ந்தது. சிங்கப்பூரின் பழைய இராபிள்ஸ் நூலகம் சந்தா செலுத்துவோர்க்கே பெரிதும் பயன்பட்டது. 1953இல் வணிகர் லீ கொங் சியான் 375,000 வெள்ளி வழங்க முன்வந்தபோது, நூலகம் கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும்; ஆசிய மொழி நூல்களும் இடம்பெறல் வேண்டும் என்னும் நிபந்தனைகளை விதித்தார். புதிய தேசிய நூலகக் கட்டடம் 1960 நவம்பரில் திறக்கப்பெற்றது. 1970 ஏப்ரல் 30ஆம் நாள் குவீன்ஸ்டவுன் குடியிருப்புப் பேட்டையில் முதல் முழுநேரக் கிளை நூலகம் தொடங்கியது.

அப்போது தேசிய நூலகத்தின் இயக்குநராக இருந்தவர் ஹெட்விக் அனுவார் அம்மையார். அவர் 1928இல் பிறந்த ஊர் ஜொகூர் பாரு என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. மலேசியப் பொது நூலக வளர்ச்சிக்கான திட்ட வரைவை எழுதியவரும் அவரே. 1968இல் வெளிவந்த அவ்வரைவு, மாநிலந்தோறும் பொது நூலகக் கழகம் அமைத்து, அதன்கீழ்க் கிளைகளையும் நடமாடும் நூலகங்களையும் நடத்தும் அமைப்புக்கு அடித்தளமிட்டது. 1972இல் தேசிய நூலகச் சட்டம் நிறைவேறியது. மாநிலச் சட்டங்கள் தொடர்ந்தன. இன்று ஜொகூர் மாநிலப் பொது நூலகக் கழகத்தின் கிளைகள் மாவட்ட நகரங்களில் இயங்குகின்றன. சிற்றூர்களில் கிராம நூலகங்களும் உள்ளன. தோட்டத்து வாசகசாலை தன்னார்வத்தால் செய்ய முயன்றதை, இப்போது அரசின் வரிப்பணம் நிலையாகச் செய்து வருகிறது.

6. தோட்டம் கலைந்தபின்

ஆயினும் இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அதன் பின்னரும் செம்பனையும் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் தோட்டங்களின் இடத்தைப் பிடித்தன. மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் முதலிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். கோயிலை மறுபடி கட்டினர். பள்ளியை இடம் மாற்றக் கோரிப் பெற்றனர். வாசகசாலையை மட்டும் உடன் எடுத்துச் செல்லவில்லை. அதன் விசுப்பலகைகளும் கட்டி வைத்த பழைய இதழ்களும் லயத்தோடு மறைந்தன.

புதிய குடியிருப்பின் அருகே பொது நூலகக் கிளை இருந்தபோதும், அதனைத் தம்முடைய வாசகசாலையின் வழித்தோன்றலாக நம்மவர் கருதவில்லை. ‘அது அரசாங்க இடம், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் போகும் இடம்’ என்னும் எண்ணமே மேலோங்கிற்று. இவ்வெண்ணத்தின் விளைவு சிறிதன்று. எந்த நூலகத்திலும் அலமாரியின் இடம் அளவுடையது. எடுப்பாரற்ற நூலை ஆண்டுகள் சில கழிந்தபின் களைந்து, எடுப்பாருள்ள நூலுக்கு இடமளித்தல் நூலக நடைமுறையாகும். இதில் பகைமையும் இல்லை, புறக்கணிப்பும் இல்லை. இரவல் பதிவேட்டின் எண்களே முடிவு செய்கின்றன. ஆகவே, தமிழ் நூல் நிற்கும் அலமாரியை ஒரு தலைமுறை நாடாதிருக்குமாயின், அவ்வலமாரி எவருடைய ஆணையுமின்றித் தானே மெலிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் நூல்கள் நெருப்பில் அழிந்தன. நம்மிடையே அவை ஓசையின்றி மறையக்கூடும். நெருப்பைக் கண்டு அழுதவர் இதனைக் கண்டு அழவும் மாட்டார். ஏனெனில் இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

7. நாம் செய்யத்தக்கன

நூலக நிகழ்ச்சி அலங்காரமா என்னும் வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். நூலுக்கு வாசகரைத் தேடித்தருவது நிகழ்ச்சி. வாசகர் வருகையே நூலை அலமாரியில் நிலைநிறுத்துவது. இத்தொடர்பை உணர்ந்தால், ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கன சிலவற்றைச் சுட்டலாம்.

முதலாவது, தமிழ்ப்பள்ளியும் அருகிலுள்ள கிளை நூலகமும் கைகோத்தல். மாதம் ஒருமுறை தமிழ்க் கதை சொல்லும் நேரம் நடத்த ஆசிரியர் ஒருவர் முன்வந்து, நூலகரிடம் எழுத்து வழியாக இடமும் நாளும் கேட்கலாம். மலாய் மொழியிலும் அதன் சுருக்கத்தைச் சொன்னால் பிற இனத்துச் சிறுவரும் வந்து கேட்பர். கிளை நூலகம் அனைவர்க்கும் பொதுவன்றோ?

இரண்டாவது, நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பிணைப்பு இருத்தல். பொங்கல் விழா நடத்திக் கரும்பு வழங்கிக் கலைந்து போனால் நூலகத்துக்கு அதனால் வரும் பயன் சிறிதே. உழவு, பருவம், உணவு ஆகியன பற்றிய நூல்களை அன்று மேசையில் பரப்பி, ஒவ்வொரு மாணவரும் ஒன்றை இரவல் பெற்றுச் செல்லுமாறு செய்தால் அவ்விழா நூலக விழாவாகும்.

மூன்றாவது, வாசிப்பைப் பதிவேட்டின் பொருட்டு மட்டும் செய்யாதிருத்தல். பள்ளிகளில் வாசிப்புத் திட்டத்தின்கீழ் மாணவர் படித்த நூல்களின் எண்ணிக்கை பதியப்படுகிறது. அது நன்று. அவ்வாறு படித்த நூலைப் பற்றி ஐந்து மணித்துளி பேசுவதற்குக் கிளை நூலகத்தில் ஒரு வட்டம் இருந்தால், எண்ணிக்கைக்கு உயிர் வரும்.

நான்காவது, ஊர் வரலாற்றைத் தொகுத்தல். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வாழ்ந்த தோட்டங்களின் நினைவு அவர்களுடனேயே மறைந்து வருகிறது. தோட்டப்பள்ளி மலர்கள், கோயில் திருவிழாத் துண்டறிக்கைகள், நாடக அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் முதலியவற்றின் படிகளை மாணவர் திரட்டலாம். முதியோரைப் பேட்டி கண்டு எழுதலாம். அவற்றைக் கண்காட்சியாக வைத்து, பின்னர் அக்கிளை நூலகத்திடமே ஒப்படைக்கலாம். பிற நூல்கள் வேறு நூலகங்களிலும் கிடைக்கும். இத்தொகுப்போ அவ்வூர் நூலகத்தில் மட்டுமே கிடைக்கும்.

முடிவுரை

விளக்கொளியில் நாளிதழைக் கேட்ட தொழிலாளி நமக்கு நூல்களை விட்டுச் செல்லவில்லை. கூடிப் படிக்கும் வழக்கத்தை விட்டுச் சென்றார். அவ்வழக்கத்துக்கு வேண்டிய கட்டடமும் மின்விளக்கும் இருக்கையும் இன்று நம் ஊரிலேயே, கட்டணமின்றி, நமக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பெறுதற்குத் தனிச் சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. ஓர் ஆசிரியரின் கடிதமும் பத்து மாணவரின் வருகையும் போதும்.

இவ்வுரையைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும், தம் வீட்டுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்துக்கு இம்மாதத்துக்குள் ஒருமுறை சென்று, உறுப்பினராகப் பதிந்து, ஒரு தமிழ் நூலை இரவல் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இரவல் பதிவும் ஒரு வரலாற்று ஆவணமே ஆகும்.